படிக்கட்டுப் பாலம்: படிகள் எல்லாம் ஒட்டிப்போய் ஒரே சுவர் மாதிரி தெரியுது. எடுத்த விதமா, எடிட்டிங்கா?

ஈரமணல்

வணக்கம் நண்பர்களே. கால்வாய்க்கு மேல இருக்கிற ஒரு பழைய கல் வளைவுப் பாலம், நடந்து போறவங்களுக்கு மட்டும். ஏறுறதுக்கு 14 படி. ரெண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர், சுவருக்கு மேல இரும்புக் கம்பி வரிசை, உச்சியில ரெண்டு விளக்குக் கம்பம். படிகளுக்கு நேரா நிக்காம கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்னு எடுத்தேன், பாலத்தோட வளைவும் ஓரமாத் தெரியட்டுமேன்னு.

விவரம்: ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார், 24 மெகாபிக்சல். 10-18 லென்ஸ்ல 10 மி.மீ., எஃப் 16 (துளையைச் சின்னதாக்கி), 1/100, ஐஎஸ்ஓ 100. கையில பிடிச்சு, நிக்க வச்ச பிரேம். முதல் படிக்கு 2 மீட்டர் முன்னாடி நின்னேன், கேமரா 1.5 மீட்டர் உயரத்துல இருந்திருக்கும். உச்சி தெரியணும்னு லேசா மேல தூக்கிப் பிடிச்சேன். வெயில் முதுகுப் பக்கம். என் நிழல் கிட்டத்தட்ட என் உயரத்துக்கே விழுந்துச்சு, அதைக் கிராப் பண்ணி வெட்டி எடுத்துட்டேன்.

என்ன பிரச்சினைன்னா: அஞ்சு ஆறு படிக்கு மேல போனதும் படி படியாத் தெரியல, கல் சுவர்ல கோடு கிழிச்ச மாதிரி இருக்கு. விளக்குக் கம்பம் ரெண்டும் உள்பக்கம் சாயுது. லைட்ரூம் மென்பொருள்ல நேராக்கினா கீழ முதல் படி வெட்டுப்படுது, எல்லாமே மேல இழுத்துவிட்ட மாதிரி நீளுது. மாறுபாட்டைக் கூட்டுற கிளாரிட்டியை ஏத்தினா சுவர் விளிம்பும் வானமும் சேர்ற இடத்துல வெள்ளையா ஒரு கோடு வருது. போதாக்குறைக்கு, 1080 பிக்சலுக்குக் குறைச்சா கம்பி வரிசையில அலை அலையா ஏதோ நெளியுது.

எதை எங்க சரி பண்ணணும்?

கல்வளைவு

படிகள் ஒட்டிப்போனதற்கு எடிட்டிங் காரணம் இல்லை. கேமரா இருந்த உயரமும் வெயில் விழுந்த கோணமும்தான் காரணம். இரண்டையும் கணக்காகப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

ஒரு படி 15 செ.மீ. உயரம், கால் வைக்கும் மேல்பரப்பு 30 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லென்ஸ் 150 செ.மீ. உயரத்தில் இருந்தது. அப்படியானால் 10ஆவது படியின் மேல்பரப்பு சரியாக லென்ஸ் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. அந்தப் படியிலிருந்து உச்சிவரை எந்தப் படியின் மேல்பரப்பும் படத்தில் இருக்கவே இருக்காது. வெறும் முன்முகங்கள், அதாவது படிகளின் நின்றிருக்கும் பக்கங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அதைத்தான் சுவர் என்கிறீர்கள். அதற்குக் கீழே உள்ள படிகளிலும் மேல்பரப்பு வேகமாக மெலிகிறது. 2 மீட்டர் தூரத்தில் நின்றால், முதல் படியில் மேல்பரப்பு முன்முகத்தைவிடச் சற்று அகலமாகவே தெரியும். ஆறாவது படியில் முன்முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. எட்டாவதில் ஏழில் ஒரு பங்கு. பத்தாவதில் ஒன்றுமில்லை.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, பின்னால் போய் ஜூம் செய்யுங்கள் என்பது. படிகளைப் பொறுத்தவரை அது தலைகீழாக வேலை செய்யும். அதே உயரத்தில் 6 மீட்டர் பின்னால் நின்றால் முதல் படியிலேயே மேல்பரப்பு முன்முகத்தில் பாதிகூட இருக்காது. ஜூம் செய்வதால் அந்த விகிதம் மாறாது. மாற்றுவது உயரம்தான். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையை மடக்கிப் பார்த்து 2.1 மீட்டரிலிருந்து எடுத்திருந்தால் ஆறாவது படியின் மேல்பரப்பு இரண்டு மடங்காகியிருக்கும், பத்தாவது படியிலும் முன்முகத்தில் கால் பங்கு தெரிந்திருக்கும். 60 செ.மீ. தூக்குவதில் இவ்வளவு இருக்கிறது.

இப்போது வெயில். நிழல் உங்கள் உயரத்துக்கே விழுந்தது என்று எழுதியது நல்லதாயிற்று. அப்படியென்றால் சூரியன் 45 டிகிரியில் இருந்தது. படிகளுக்கு நேர் எதிரிலிருந்து 45 டிகிரியில் வெயில் விழும்போது, படுத்திருக்கும் மேல்பரப்பும் நின்றிருக்கும் முன்முகமும் ஒரே அளவு வெளிச்சம் வாங்குகின்றன. இரண்டும் ஒரே கல், ஒரே நிறம், ஒரே வெளிச்சம் என்றால் கண்ணுக்குப் பிரிக்க எதுவும் மிஞ்சாது. படிக்கட்டுப் படம் எடுக்க இதைவிட மோசமான கோணம் இல்லை.

சுலபமான அளவுகோல் ஒன்று சொல்கிறேன். வெயில் நேர் முதுகில் இருக்கும்போது, உங்கள் நிழல் உயரத்தைப் போல் எத்தனை மடங்கோ, முன்முகம் மேல்பரப்பைவிட அத்தனை மடங்கு நேர்வெயில் வாங்கும். சூரியன் 20 டிகிரிக்கு இறங்கினால் நிழல் 2.7 மடங்கு, முன்முகத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) கூடுதல் வெளிச்சம். வானத்தின் ஒளியும் கலப்பதால் நடைமுறையில் சற்றுக் குறையும். ஆனாலும் படிகள் பளிச்சென்று பிரிந்துவிடும். வெயில் பக்கவாட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது: மேல்பரப்பில் வெயில், முன்முகத்தில் ஏறக்குறைய நிழல். மேகம் மூடிய நாளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அன்று மேல்பரப்புக்கு முழு வானமும் தெரிகிறது, முன்முகத்துக்குப் பாதி வானம்தான். எனவே எந்த நிழலும் இல்லாமலே மேல்பரப்பு ஒரு ஸ்டாப் அளவுக்கு வெளுத்திருக்கும். மழை பெய்து நின்ற பிறகு இன்னும் அழகு. ஆனால் அப்போது பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டியைப் போட்டு முழுக்கத் திருப்பிவிடாதீர்கள். ஈரக் கல்லில் வானம் பிரதிபலிப்பதுதான் படிகளைப் பிரிக்கிறது, அதையே துடைத்துவிடும்.

அரைநிழல்

கல்வளைவு சொன்னதோட நிக்கிற இடம் பத்தியும் சேர்த்துச் சொல்றேன்.

கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நின்னேன்னு சொல்றீங்கல்ல, அந்த "கொஞ்சம்"தான் படத்தைக் கெடுக்குது. படிக்கட்டை நேருக்கு நேர் எடுக்கலாம், இல்லன்னா கரையில இறங்கி 30, 40 டிகிரி சாய்வா வளைவோட சேர்த்து எடுக்கலாம். நடுவுல 5 டிகிரி, 8 டிகிரின்னு நின்னா, பார்க்கிறவங்களுக்கு அது கோணமாத் தெரியாது, நேரா எடுக்கப் பார்த்துத் தவறிப்போன மாதிரிதான் தெரியும். வளைவும் முழுசா வராது, ஒரு கறுப்புத் துண்டா ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். படிதான் படம்னா வளைவை விட்டுடுங்க. வளைவுதான் படம்னா கரைக்குப் போங்க. கைப்பிடிச் சுவர் மூடினதா இருந்தா பக்கத்துல இருந்து படிகள் தெரியாது, சுவரோட சாய்வான மேல்விளிம்புதான் கிடைக்கும். அதுவும் நல்ல கோடுதான்.

நேருக்கு நேர்னா நட்டநடுவுல நிக்கணும்னு அவசியம் இல்ல. சென்சார் படிகளுக்கு இணையா இருக்கணும், அதுதான் முக்கியம். அரை மீட்டர் இடது பக்கம் நின்னாலும் கேமராவைப் பாலத்தைப் பார்த்துத் திருப்பாம நேரா வச்சா, படி விளிம்பு எல்லாம் படுக்கைக் கோடாவே இருக்கும். சாஞ்சா எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா: கீழ்ப்படி, மேல்படி எல்லாமே ஒரே அளவு சாஞ்சிருந்தா கேமரா உருண்டிருக்கு, ரொட்டேட் பண்ணாப் போதும். கீழ்ப்படிகள் நல்லா சாஞ்சு, கண் மட்டத்துல இருக்கிற படி மட்டும் நேரா இருந்தா, கேமரா பக்கவாட்டுல திரும்பியிருக்கு. அதை ரொட்டேட் சரிபண்ணாது, பக்கவாட்டுக் கோணத்தைத் திருத்துற ஹரிசான்டல் ஸ்லைடர் வேணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு ரொட்டேட்டையே இழுத்துக்கிட்டு இருக்கிறதைத்தான் நிறையப் பார்க்க முடியுது.

ஒண்ணு கவனிங்க. பழைய படியோட நடுப்பகுதி கால் பட்டுப் பட்டுத் தேஞ்சு குழிஞ்சிருக்கும். நேர்க்கோடு பார்க்கிறப்ப அந்த நடுவை நம்பாதீங்க. ரெண்டு ஓரமும் சுவரைத் தொடுற இடத்தை எடுத்துக்கோங்க, அங்கதான் கல் வெட்டின விளிம்பு அப்படியே இருக்கும்.

கம்பம் சாயறது கேமராவை மேல தூக்கினதால. அடுத்த தடவை கேமராவைச் சமமா வச்சு, கீழ தேவையில்லாத தரை வந்தாலும் வரட்டும்னு எடுத்துட்டு அப்புறம் கிராப் பண்ணுங்க. உச்சி எட்டலன்னா லேசாத் தூக்கலாம், ஆனா நாலு பக்கமும் 15 சதவீதம் சும்மா இடம் விட்டு எடுங்க, நேராக்குறப்ப அதைத்தான் அது தின்னும்.

எஃப் 16 தேவையே இல்ல. ஏபிஎஸ்-சில 10 மி.மீ., எஃப் 8 வச்சு 2 மீட்டர்ல போகஸ் பண்ணா 1 மீட்டர்ல இருந்து கடைசிவரைக்கும் ஏத்துக்கிற மாதிரி கூர்மை கிடைக்கும். எஃப் 16ல டிஃப்ராக்ஷன் (சின்னத் துளையில ஒளி சிதறுறது) வந்து கல்லோட பொரிப்பொரியான பரப்பை மழுக்கிடும், அப்புறம் அதுக்காக ஷார்ப்பனிங்கை ஏத்திக்கிட்டே போவோம்.

ஈரமணல்

ரொம்ப நன்றி. அந்த 45 டிகிரி கணக்கு இவ்வளவு எளிமையா இருக்கும்னு நினைக்கல. ஆனா அந்தப் பாலத்துக்குத் திரும்பப் போக இப்போதைக்கு வழி இல்ல. இருக்கிற ரா ஃபைலை (கேமராவோட மூலப்பதிவை) வச்சு எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம்? வளைவை விட்டுட்டு படியை மட்டும் வச்சுக்கிறதா முடிவு பண்ணிட்டேன்.

பிக்சல்தறி

கணிசமாகக் கொண்டுபோகலாம். ஆனால் பத்தாவது படிக்கு மேல் மேல்பரப்பே பதிவாகவில்லை என்பதை மனதில் வையுங்கள். அங்கே இல்லாத ஒன்றை வரையப் பார்த்தால் போலியாகத்தான் இருக்கும்.

முதலில் லைட்ரூமில் லென்ஸ் ப்ரொஃபைல், அதாவது லென்ஸின் வளைவைத் திருத்தும் வசதி. 10 மி.மீ.யில் இப்படிப்பட்ட அகல லென்ஸ் கோடுகளைப் பீப்பாய் போல வளைக்கும். அதைச் சரிசெய்யாமல் சாய்வை நேராக்கும் ட்ரான்ஸ்ஃபார்ம் பகுதிக்குப் போனால் வளைந்த கோட்டை நேர்க்கோடு என்று நம்பித் திருத்துவீர்கள். பிறகு அந்தப் பகுதியில், நாம் போடும் கோடுகளை வைத்து நேராக்கும் கைடெட் அப்ரைட்டை எடுத்து நான்கு கோடுகள் போடுங்கள். நிற்கும் கோடுகளுக்கு விளக்குக் கம்பம் வேண்டாம், பழைய கம்பங்கள் நிஜத்திலேயே சாய்ந்திருக்கும். கைப்பிடிச் சுவர் முடியும் இடத்துத் தூண்களின் விளிம்பு நம்பகமானது. படுக்கைக் கோடுகளுக்கு இரண்டாவது படியின் விளிம்பு ஒன்று, பன்னிரண்டாவது படி ஒன்று. அரைநிழல் சொன்னது போல ஓரத்திலிருந்து ஓரத்துக்கு. டார்க்டேபிள் மென்பொருளில் என்றால் ரொட்டேட் அண்ட் பெர்ஸ்பெக்டிவ் மாட்யூல் இதே வேலையைச் செய்யும்.

எல்லாம் மேலே இழுத்தது போல நீள்வதற்கு, நீள அகல விகிதத்தை மாற்றும் ஆஸ்பெக்ட் ஸ்லைடர் இருக்கிறது. பாலத்தில் வட்டமாக இருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைப் பார்த்துக்கொண்டு, விளக்கின் கண்ணாடிக் குண்டாக இருந்தாலும் போதும், அது வட்டமாகும் வரை நகர்த்துங்கள். முழுக்க நேராக்கவும் வேண்டாம். நூற்றுக்கு நூறு நேராக்கினால் மேல்பகுதி விரிந்து முன்னால் கவிழ்வது போல் தோன்றும். எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தில் நிறுத்தினால் கண் அதை நேர் என்றே எடுத்துக்கொள்ளும். வெட்டுப்படும் முதல் படியை மீட்க, வெற்று ஓரங்களைத் தானாக வெட்டும் கன்ஸ்ட்ரெயின் கிராப்பை அணைத்துவிட்டு ஸ்கேலை 90க்குக் குறையுங்கள். ஓரங்களில் வெள்ளை முக்கோணங்கள் வரும். கீழே தரை, மேலே வானம் என்பதால் ஃபோட்டோஷாப்பின் கன்டென்ட் அவேர் ஃபில் அவற்றைச் சுற்றியுள்ளதைப் பார்த்து நன்றாகவே நிரப்பிவிடும். முதல் படியின் முன்முகமும் அதன் முன்னால் ஒரு கை அகலத் தரையும் கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படிக்கட்டு எங்கிருந்து தொடங்குகிறது என்பதே போய்விடும்.

அடுத்து படிகளைப் பிரிப்பது. பிரகாசத்தை வைத்துப் பகுதி பிரிக்கும் லூமினன்ஸ் மாஸ்க் இங்கே உதவாது, இரண்டு பரப்பும் ஒரே பிரகாசத்தில் இருக்கின்றனவே. கையால்தான் செய்ய வேண்டும். ஃபோட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ புது லேயர் ஒன்றில் 50 சதவீதச் சாம்பல் நிரப்பி, ப்ளெண்ட் முறையை சாஃப்ட் லைட் ஆக்குங்கள். மென்மையான பிரஷ், ஒபாசிட்டி (அடர்த்தி) 6 முதல் 8 சதவீதம். வெள்ளையால் மேல்பரப்பை வெளுக்க வேண்டும், கறுப்பால் முன்முகத்தை இறக்க வேண்டும். படியின் ஒரு ஓரத்தில் கிளிக் செய்து, ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு மறு ஓரத்தில் கிளிக் செய்தால் நேர்க்கோடாக விழும். தேய்ந்த படியில் அந்தக் கோடு நடுவில் விளிம்பை விட்டு மேலே ஏறிவிடும். ஆகவே ஓரம், நடு, ஓரம் என்று மூன்று கிளிக்.

முன்முகம் முழுவதையும் ஒரே சீராகக் கறுப்பாக்காதீர்கள். அங்கேதான் செயற்கையாகத் தெரிந்துவிடும். நிஜத்தில், விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய நிழல் இருக்கும். கீழே போகப் போக, கீழ்ப்படியின் மேல்பரப்பிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் பட்டு முன்முகம் கொஞ்சம் வெளுக்கும். அதே போல, விளிம்புக்கு அடியில் அடர்த்தியாகத் தொடங்கிக் கீழே கரைந்துபோகும்படி வையுங்கள். முதல் ஒன்பது படிகளுக்கு இந்த இரட்டை வேலை. பத்திலிருந்து பதினான்கு வரை மேல்பரப்பு கிடையாது. அங்கே ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு பிக்சல் அகல வெள்ளைக் கீற்று, அதன் அடியில் மெல்லிய நிழல், அவ்வளவு போதும். லேயரை அணைத்து அணைத்துப் பாருங்கள். மாற்றம் கண்ணில் அடித்தால் அதன் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறையுங்கள்.

வெள்ளைக் கோடு கிளாரிட்டியின் இயல்பு. அகலமான பகுதிகளுக்கு இடையே மாறுபாட்டைக் கூட்டுவதால், இருண்ட சுவர் வானத்தைத் தொடும் இடத்தில் வானம் வெளுத்துக்கொள்கிறது. படம் முழுவதற்கும் கிளாரிட்டியைப் பூஜ்யமாக்கிவிட்டு, படிகளை மட்டும் மாஸ்க் செய்து டெக்ஸ்ச்சர் 20, கிளாரிட்டி 10 கொடுங்கள். மாஸ்க் சுவரின் உள்விளிம்போடு நிற்கட்டும், வானத்தைத் தொடவே கூடாது. அதன் பிறகும் கம்பிகளின் ஓரத்தில் ஊதா நிறம் இருந்தால் அது லென்ஸின் நிறப்பிசகு. லைட்ரூமின் டீஃப்ரிஞ்ச் அதைப் பார்த்துக்கொள்ளும்.

கம்பியில் நெளியும் அலை மோய்ரே. ஒரு கம்பியும் அடுத்த இடைவெளியும் சேர்ந்து கடைசிப் படத்தில் 2 பிக்சலுக்குக் கீழே போனால், அந்தத் தாளத்தை பிக்சல்கள் தாங்க முடியாமல் பொய்யான அலையைக் காட்டும். முதலில் ஏற்றுமதி செய்த ஃபைலை 100 சதவீதத்தில் திறந்து பாருங்கள். எடிட்டரில் 33 சதவீத ஜூமில் தெரிவது சில நேரம் திரையின் கோளாறு மட்டுமே. ஃபைலிலேயே இருந்தால், ஷார்ப்பனிங் இல்லாத முழு அளவுப் படத்தில் கம்பிப் பகுதிக்கு மட்டும் லேசான காஸியன் ப்ளர் (மங்கலாக்கல்) கொடுத்துவிட்டுச் சுருக்குங்கள். மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதானால் 1 முதல் 1.5 பிக்சல் ரேடியஸ். ஷார்ப்பனிங் எல்லாம் சுருக்கிய பிறகு, ரேடியஸ் 0.3 முதல் 0.5க்குள். பெரிய படத்தில் ஷார்ப்பன் செய்துவிட்டுச் சுருக்கியதுதான் அலையைப் பெரிதாக்கியிருக்கும்.

கல்வளைவு

பிக்சல்தறி சொன்னதை முடித்த பிறகு கறுப்பு வெள்ளையிலும் ஒரு பிரதி முயன்று பாருங்கள், காரணத்தோடுதான் சொல்கிறேன். கால் படும் மேல்பரப்பில் பாசி நிற்காது. முன்முகத்திலும் சுவரோர மூலைகளிலும் நிற்கும். பிரகாசம் ஒன்றாக இருந்தாலும் நிறம் வேறாக இருக்கும். ஒவ்வொரு நிறத்தின் பிரகாசத்தையும் மாற்றும் பி அண்ட் டபிள்யூ மிக்சரில் பச்சையையும் மஞ்சளையும் மைனஸ் 25, 30 வரை இறக்கினால் பாசி படிந்த முன்முகங்கள் தாமாகவே இருண்டு படிகள் பிரியும். கையால் வரைந்ததைவிட இயல்பாகவும் இருக்கும், ஏனென்றால் அந்த வேறுபாடு கல்லிலேயே இருக்கிறது. மைனஸ் 50ஐத் தாண்டினால் பாசியின் ஓரங்களில் நாய்ஸ் பொரிந்து கிளம்பும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமணல்

பச்சை மைனஸ் 28, மஞ்சள் மைனஸ் 20. எட்டாவது படிவரைக்கும் எதுவும் வரையாமலே பிரிஞ்சு வந்துடுச்சு. மேல இருக்கிற ஆறு படிக்கு மட்டும் சாம்பல் லேயர் போட்டேன். இப்ப உச்சியில ரெண்டு கம்பத்துக்கும் நடுவுல வெறும் வானமா இருக்கு, அதை 4:5ல வெட்டலாமா?

அரைநிழல்

வெட்டலாம், ஆனா கம்பத்தோட தலைக்கு மேல விளக்கோட உயரம் அளவுக்காவது வானம் விடுங்க. கடைசிப் படியோட விளிம்பு படத்தோட மேல்விளிம்புல இருந்து மூணுல ஒரு பங்கு கிட்ட வர்ற மாதிரி வச்சா, படிக்கு இடம் கிடைக்கும், ஏறிப்போன கண்ணுக்கு நிக்க ஒரு திறப்பும் கிடைக்கும். இடது, வலது கைப்பிடிச் சுவர் ரெண்டும் பிரேமோட கீழ்விளிம்பைத் தொடுற இடம் மூலையில இருந்து ஒரே தூரத்துல இருக்கான்னு மட்டும் அளந்து பார்த்துடுங்க. ஒரு பக்கம் மூலைக்குள்ளேயே போயிட்டு மறுபக்கம் தள்ளி நின்னா, எவ்வளவு நேராக்கினாலும் பாலம் ஒரு பக்கமா இழுக்கிற மாதிரியே இருக்கும்.